கரிபு வேட்டை வீடியோவும் செம்பனைக் காட்டு அம்பும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்கள் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் சில பையன்கள் ராத்திரி பகலாகக் கைப்பேசியில் பார்ப்பது அலாஸ்காவில் வில்லும் அம்புமாகக் கரிபு மான் வேட்டையாடும் வீடியோக்களைத்தான். பார்ப்பதோடு நின்றால் பரவாயில்லை, இணையத்தில் வில் வாங்கிக்கொண்டு செம்பனைக்குள் பன்றி தேடிப் போகிறார்கள். அண்மையில் தோளில் அம்பு தைத்த பன்றி ஒன்று, குலை வெட்டிக்கொண்டிருந்தவர்கள் நடுவே பாய்ந்து ஓடியது. யாருக்கும் அடிபடவில்லை, அவ்வளவுதான்.

தம்பிகளே, அந்த வேட்டையைப் பற்றி இதையும் தெரிந்துகொள்ளுங்கள். வடக்கு அலாஸ்காவில் புரூக்ஸ் மலைத்தொடரைக் கடந்து டால்ட்டன் நெடுஞ்சாலை போகிறது. யூக்கோன் ஆற்றுக்கு வடக்கே அந்தச் சாலையின் இரு பக்கமும் 5 மைல் தூரத்துக்குப் பொதுவாகத் துப்பாக்கி வேட்டை கிடையாது, வில் மட்டும்தான், அதற்கும் பயிற்சி முடித்த சான்றிதழ் வேண்டும். நம்மைப் போன்ற வெளிநாட்டவர் என்றால் உரிமம் பெற்ற வழிகாட்டி இல்லாமல் கரிபு வேட்டைக்கே போக முடியாது. மரமில்லாத மலைச்சரிவில் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துப் பார்த்துத் தவழ்ந்து, 30, 40 கெஜம் வரை நெருங்கினால்தான் அம்பு விடலாம். நுரையீரலில் பட்டு ரத்தம் போய்த்தான் மான் விழும், வேறு எங்காவது பட்டால் அது வலியோடு எங்கேயோ போய்ச் சாகும். அதனால்தான் நல்ல வேட்டைக்காரன் சரியான நிலை அமையாவிட்டால் இழுத்த நாணைத் தளர்த்திவிட்டுத் திரும்பிவிடுகிறான்.

சரி, மான் விழுந்துவிட்டது. அப்புறம் கழுத்துக் கறி, விலா எலும்புக்கு இடையில் உள்ள கறி உட்பட உண்ணக்கூடிய எல்லாவற்றையும் முதுகில் சுமந்து வெளியே கொண்டுவர வேண்டும். அதுவரை கொம்பை அங்கிருந்து எடுத்துப் போகக் கூடாது, கறியை வீணாக்குவது அங்கே குற்றம். இத்தனை இருந்தும் அலாஸ்காவின் மேற்கு ஆர்க்டிக் கரிபுக் கூட்டம் 2003ல் சுமார் 490,000 ஆக இருந்தது, 2023ல் ஏறக்குறைய 152,000க்கு இறங்கிவிட்டது. வேட்டை அளவையும் குறைத்துவிட்டார்கள்.

நம் மலேசியாவிலும் 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. காட்டுப்பன்றியை வேட்டையாடவும் உரிமம் தேவை, கண்ணி வைப்பது குற்றம். தோட்டத்தில் எத்தனை பேருக்கு இது தெரியும்? விடியற்காலையில் உதிரிப்பழம் பொறுக்கப் போகும் பெண்கள் இருட்டில் குனிந்திருப்பார்கள். அந்த நேரத்தில் அசைவதையெல்லாம் பன்றி என்று நினைத்து ஒருவன் நாணை இழுத்தால் என்ன ஆகும் என்று நினைக்கவே எனக்குப் பயமாக இருக்கிறது.

பையன்களைத் திட்டி வில்லைப் பிடுங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. அம்பெய்தல், மாநிலங்கள் மோதும் மலேசிய விளையாட்டுப் போட்டியான சுக்மாவில் இருக்கும் விளையாட்டு, இவர்களுக்கு அதில் உண்மையான ஆசை இருக்கிறது. தோட்ட நிர்வாகங்கள் பயன்படாமல் கிடக்கும் திடலில் ஓர் இலக்குப் பயிற்சி இடம் ஒதுக்கித் தரட்டும். வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தான் அதிகாரிகள் தோட்ட மண்டபத்துக்கு வந்து சட்டத்தைத் தமிழில் விளக்கட்டும். பெற்றோர்கள் இன்றைக்கே அந்த அம்புகளை வாங்கிப் பூட்டி வையுங்கள்.

தோட்டத் தொழிலாளியின் மகன்,
சுங்கை சிப்புட், பேராக்