பள்ளிப் பிள்ளைகளின் மூளை அலையை விட்டுவிடுங்கள்: மின்னணு அமைச்சகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சக அதிகாரிகளுக்கு,

வணக்கம். தரவுப் பாதுகாப்புச் சட்டமும் விதிகளும் உங்கள் கையால் வந்தவை என்பதால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

என் மகள் படிக்கும் தனியார் பள்ளியில், பிள்ளைகளின் நெற்றியில் பட்டை கட்டி மூளை அலையைப் பதிவு செய்கிறார்கள். அதைச் செயற்கை நுண்ணறிவு அலசி, யாருக்கு எவ்வளவு கவனம் என்று ஆசிரியரின் திரையில் மதிப்பெண் காட்டுகிறது. எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பல்லை இறுகக் கடித்தால் மதிப்பெண் ஏறுகிறது என்று பிள்ளைகளே கண்டுபிடித்துவிட்டார்கள். தாடைத் தசையின் மின்சாரமும் பதிவில் கலந்துவிடும் என்பது இ.இ.ஜி. என்னும் மூளை அலைப் பதிவை எடுக்கும் எந்த டெக்னீஷியனுக்கும் தெரியும். என் மகள் தாடை வலியோடு வீட்டுக்கு வருகிறாள். "நான் மனசுக்குள்ள நினைக்கிறது மிஸ்ஸுக்குத் தெரியுமாப்பா?" என்கிறாள். தெரியாது என்றால் நம்ப மறுக்கிறாள். பாடம் நடத்தும்போது வேறெதையும் நினைக்கவே பயப்படுகிறாள்.

பள்ளியில் கேட்டால் உங்கள் விதிகளைக் காட்டுகிறார்கள். பிள்ளைகளைக் கண்காணிக்கக் கூடாது, பெற்றோர் சம்மதம் வேண்டும் என்கிறது 2023 சட்டம். 2025 விதிகளின் நான்காம் அட்டவணையோ, 'கல்விச் செயல்பாடு' என்றால் பள்ளிக்கு இரண்டிலிருந்தும் விலக்கு தருகிறது. பள்ளியில் நடப்பதில் எது கல்விச் செயல்பாடு இல்லை, சொல்லுங்கள்?

குற்ற விசாரணையில் ஒருவருக்கு அவர் சம்மதமில்லாமல் மூளை மின்பதிவுச் சோதனை செய்யக் கூடாது என்று செல்வி வழக்கில் 2010-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கொலை வழக்கில் சிக்கியவருக்கு இருக்கும் அந்த உரிமை ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு இல்லையா? சீனாவின் ஜின்ஹுவா நகரப் பள்ளியில் இதுபோன்ற பட்டையைக் கட்டியபோது, 2019-இல் எதிர்ப்புக் கிளம்பி நிறுத்தினார்கள். சிலி நாட்டு உச்ச நீதிமன்றம் 2023-இல், ஒரு முன்னாள் செனட்டரின் மூளைத் தரவை அழிக்கும்படி ஒரு நிறுவனத்துக்கே உத்தரவிட்டது. நம் சட்டத்தில் மூளைத் தரவுக்கென்று தனிப் பிரிவுகூட இல்லை. கவனத்தை அளப்பது அவ்வளவு நல்லதென்றால் முதலில் மக்களவையில் கட்டிப் பார்க்கலாமே! மதியச் சாப்பாட்டுக்குப் பிந்தைய அமர்வில் திரை என்ன காட்டும் என்று அறிய எனக்கும் ஆசைதான்.

சரி, கோபத்தில் எங்கோ போய்விட்டேன், மன்னிக்கவும். கேட்பது ஒன்றுதான்: அந்த விலக்கிலிருந்து மூளைத் தரவை நீக்குங்கள். பள்ளிகள் அதைச் சேகரிக்கவே கூடாது என்று விதியில் எழுதுங்கள். ஏற்கெனவே சேர்த்ததை அழிக்கச் சொல்லுங்கள். அடுத்த கல்வியாண்டுக்கு முன் ஒரு திருத்த அறிவிக்கை வெளியிடும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் அப்பா