புளியரைக்கு இப்பாலும் அது பத்து ரூபாய்தான்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

செங்கோட்டை, தென்காசி வட்டாரக் கடைத்தெருக்களில் பத்து ரூபாய் நாணயத்தை வாங்க மறுக்கும் வழக்கம் ஆண்டுக்கணக்கில் நீடித்து வருவதைப் பற்றித் தங்கள் நாளிதழ் வாயிலாகச் சொல்ல விரும்புகிறேன். தமிழக எல்லையிலுள்ள புளியரையைத் தாண்டி மலையேறிக் கேரளத்து ஆரியங்காவு போய்விட்டால் தேநீர்க் கடையிலிருந்து மருந்துக் கடை வரை எவரும் மறுபேச்சின்றி வாங்கிக் கல்லாவில் போட்டுக்கொள்கிற நாணயம், மலையிறங்கி நம் பக்கம் வந்ததும் "இது ஓடாது" என்று திருப்பித் தரப்படுகிறது. இரண்டு ஊர்களுக்கும் ஒரே அரசு அடித்து, ஒரே ரிசர்வ் வங்கி வெளியிட்ட காசு இது. நடுவில் சில வளைவுகள் கொண்ட ஒரு மலைச்சாலைதான் இருக்கிறது.

இதனால் மிகுதியாகத் துன்பப்படுகிறவர்கள் சிறு வியாபாரிகளும் கூலிக்குப் போகிறவர்களுமே. செங்கோட்டையிலிருந்து காலையில் ரயிலேறிப் புனலூர்ப் பக்கம் பூ விற்கப் போகும் பெண்கள் முழம் பத்துக்கும் இருபதுக்கும் விற்றுத் திரும்பும்போது அவர்களுடைய சுருக்குப்பையில் நாணயமே அதிகம் இருக்கும். அப்படி வந்த ஒரு அம்மா, பால் பாக்கெட்டுக்காக மூன்று நாணயங்களைக் கடைக்காரரின் கண்ணாடிப் பெட்டியின் மேல் வைத்ததைப் பார்த்தேன். கடைக்காரர் ஒற்றை விரலால் அவற்றை அவர் பக்கமாகவே தள்ளிவிட்டு, "நோட்டா இருந்தாத் தாங்க, இத வாங்கி நான் எங்க போய் மாத்துவேன்" என்றார். "அங்க வாங்குதாவ, நீங்க வாங்க மாட்டேங்கியளே, ரெண்டும் ஒரே கவர்மென்டு காசுதானய்யா" என்று அந்த அம்மா கேட்டதற்கு அவரிடம் பதில் இல்லை. கடைசியில் முந்தானை முடிச்சை அவிழ்த்து அவர் கொடுத்த நோட்டுகளுள் ஒன்று நடுவில் கிழிந்து, ஒட்டுத்தாளால் இணைக்கப்பட்டு, எண்களே மங்கிப்போன பத்து ரூபாய் நோட்டு. அது மட்டும் தயக்கமின்றிக் கல்லாவுக்குள் போயிற்று.

அரசு அடித்த உலோகக் காசை வேண்டாம் என்று சொல்லும் அதே கடைகளில், மீதிச் சில்லறைக்குப் பதிலாக மிட்டாயும் தீப்பெட்டியும் கொடுக்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். அந்த மிட்டாயைச் சேர்த்து வைத்துக்கொண்டு போய் மறுநாள் சாமான் கேட்டால் கொடுப்பார்களா? வாடிக்கையாளர் கொடுக்கும் நாணயத்தில் குறை காண்கிறவர்கள், தாங்கள் கொடுப்பது நாணயமே இல்லை என்பதை ஒரு நாளாவது எண்ணிப் பார்க்க வேண்டும். பேருந்திலும் இதே கதைதான். நடத்துநர்கள் பத்து ரூபாய் நாணயத்தை மறுக்கக் கூடாது என்று போக்குவரத்துக் கழகங்கள் சுற்றறிக்கை அனுப்பியதாகச் செய்தி வந்த பிறகும் சிலர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். இப்படி எல்லா இடத்திலும் திரும்பி வந்த நாணயங்களைக் கடைசியில் கோயில் உண்டியலில் போட்டுவிடுகிறவர்களும் எங்கள் ஊரில் உண்டு.

இந்த மறுப்புக்குச் சட்டத்தில் இடமே இல்லை. 2011ஆம் ஆண்டின் நாணயச் சட்டப்படி, ஒரு ரூபாய்க்குக் குறையாத நாணயங்கள் ஆயிரம் ரூபாய் வரையிலான எந்தத் தொகைக்கும் செல்லுபடியாகும். 2010இல் ரூபாய்க் குறியை அரசு ஏற்றுக்கொண்டபின் அது பொறித்த நாணயங்கள் புழக்கத்துக்கு வந்தன. குறி இல்லாத பழைய நாணயங்களும் கூடவே புழங்கின. ஒன்றில் பத்துக் கோடுகள், மற்றொன்றில் பதினைந்து கோடுகள் என்று இருந்ததைக் கண்டு, இது அசல், அது போலி என்று யாரோ கிளப்பிவிட்ட வதந்தி கைபேசி வழியே ஊர் ஊராகப் பரவிற்று. இரண்டுமே செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2016 நவம்பரில் அறிவித்தது. 2018 ஜனவரியில், அதுவரை வெளியான பதினான்கு வடிவங்களும் செல்லும் என்று மறுபடியும் விளக்கி, ஐயம் உள்ளவர்கள் கேட்டுத் தெளிவதற்கு 14440 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணையும் கொடுத்தது. அந்த ரூபாய்க் குறியை வடிவமைத்த உதயகுமார் தமிழகத்தைச் சேர்ந்தவர் என்பதில் நமக்கெல்லாம் பெருமைதான். ஆனால் அந்தக் குறியைத் தாங்கி வரும் காசுக்குத் தமிழகத்துக் கடைகளில்தான் இந்தக் கதி.

எங்கள் வட்டாரத்துப் பெரியவர்களுக்கு இரண்டு நாணய முறைகள் புதியவை அல்ல. 1956 நவம்பர் 1ஆம் தேதிக்கு முன்பு செங்கோட்டை முதலில் திருவிதாங்கூர் சமஸ்தானத்தையும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியையும் சேர்ந்திருந்தது, தென்காசி சென்னை மாகாணத்தில் இருந்தது. இரண்டுக்கும் இடையிலான எல்லை பிரானூரில் இருந்ததால்தான் அந்த இடத்துக்கு இன்றும் "பார்டர்" என்று பெயர். அங்கே புரோட்டா சாப்பிட வருகிற வெளியூர்க்காரர்கள் பலருக்கு இது தெரியாது. சமஸ்தான நாளில் திருவிதாங்கூருக்குத் தனிக் காசு இருந்தது. பதினாறு காசு ஒரு சக்கரம், நான்கு சக்கரம் ஒரு பணம், இருபத்தெட்டரைச் சக்கரம் ஒரு பிரிட்டிஷ் ரூபாய் என்று கணக்கு. அரைச் சக்கரத்தைக்கூட விட்டுவிடாமல் கணக்குப் பார்த்து இரண்டு அரசுகளின் காசையும் மாற்றிக்கொண்ட ஊரின் பேரப்பிள்ளைகள், ஒரே அரசின் ஒரே காசை வாங்க மறுப்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

கடைக்காரர்களை மட்டும் குற்றம் சொல்வது நியாயமாகாது. சிறு கடைக்காரர் வாங்கினால் மொத்த வியாபாரி வாங்குவதில்லை. மொத்த வியாபாரி வங்கிக்குக் கொண்டுபோனால் "எண்ணுவதற்கு ஆள் இல்லை, நாளைக்கு வாருங்கள்" என்ற பதில் கிடைக்கிறது. முடிச்சு விழுந்திருப்பது இந்த இடத்தில்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். எந்த வங்கிக் கிளையும் நாணயங்களைப் பெற மறுக்கக் கூடாது என்பதும், நூறு நூறாகப் பைகளில் கட்டிக் கொடுத்தால் இரு தரப்புக்கும் எளிது என்பதும் ரிசர்வ் வங்கியின் அறிவுரை. வங்கி முகப்பில் இதைத் தமிழில் எழுதி ஒட்டி, வாரத்தில் ஒரு நாளாவது நாணயத்துக்கென்று தனிச் சாளரம் திறந்தால், அந்த மாதமே கடைத்தெருவின் பேச்சு மாறிவிடும். 2022இல் அரூரைச் சேர்ந்த இளைஞர் ஒருவர், எவரும் வாங்காத பத்து ரூபாய் நாணயங்களைச் சேர்த்து வைத்து, ஆறு லட்சம் ரூபாய்க்குச் சேலத்தில் கார் வாங்கியதை நாளிதழ்களில் படித்துப் பலரும் சிரித்தார்கள். ஒரு காசு செல்லும் என்று ஊருக்குக் காட்ட ஒருவர் கார் வாங்கவேண்டிய நிலை வந்ததை எண்ணி அதிகாரிகள் அன்றே விழித்திருக்க வேண்டும்.

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் கேரளத்திலிருந்து குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். கார்த்திகை பிறந்தால் ஆரியங்காவு, அச்சன்கோவில், சபரிமலை என்று போய் வரும் சாமிமார் எங்கள் ஊர் வழியாகத்தான் திரும்புகிறார்கள். வாகனம் நிறுத்தும் இடத்திலும் கழிப்பறை வாசலிலும் பத்து ரூபாய்க்காக அவர்களோடு நடக்கும் வாக்குவாதத்தைக் காணும்போது, உள்ளூர்க்காரர்களாகிய நமக்குத் தலைகுனிவாக இருக்கிறது. வாகன நிறுத்துமிடம், கழிப்பறை, பருவக்காலக் கடைகள் ஆகியவை பெரும்பாலும் உள்ளாட்சி அமைப்புகள் ஏலம் விடும் இனங்களே. ஆகவே, எல்லா வடிவப் பத்து ரூபாய் நாணயங்களையும் பெற்றுக்கொள்ள வேண்டும் என்பதை ஏல நிபந்தனைகளில் ஒன்றாகச் சேர்த்து, கட்டணப் பலகையிலேயே தமிழிலும் மலையாளத்திலும் எழுதி வைக்கவும், வங்கிக் கிளை மேலாளர்களையும் வணிகர் சங்கங்களையும் ஒன்றாக அமர்த்திப் பேசவும் தென்காசி மாவட்ட ஆட்சியர் அவர்கள் ஆவன செய்ய வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
செங்கோட்டை.