மின்வரம்புக் கோப்புகளுக்கு ஒரு நிலையான வடிவம் கொடுங்கள்

லினக்ஸ் கெர்னலில் கிராபிக்ஸ் டிரைவர்களைப் பராமரிப்பவர்களுக்கு,

வணக்கம்.

2024 ஜனவரியில் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் 6.7 பதிப்பு வந்த பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். ஏஎம்டி கிராபிக்ஸ் கார்டுகளில் மின்வரம்பை, அதாவது கார்டு அதிகபட்சம் எத்தனை வாட் இழுக்கலாம் என்பதை, வெகுவாகக் குறைத்து வைத்திருந்தவர்களின் எண்ணை, கார்டை இயக்கும் டிரைவர் ஏற்க மறுத்தது. தயாரிப்பாளர் வைத்த கீழ்வரம்புக்கும் கீழே போகக் கூடாது என்பது காரணம். நியாயமாகவே இருக்கட்டும். ஆனால் கார்டு சூடாகாமல், சத்தம் போடாமல் ஓடட்டும் என்று குறைத்தவர்கள் அவர்கள். நேற்று வரை வேலை செய்த அமைப்பு இன்று பிழை காட்டினால் யாரிடம் போய்க் கேட்பார்கள்?

என்னைப் போன்றவர்களிடம்தான் கேட்கிறார்கள். விசிறியையும் வாட்டையும் அமைக்கும் சிறிய இலவசக் கருவி ஒன்றைப் பராமரிக்கிறேன். அதில் என்னை அதிகம் படுத்துவது ஒரே ஒரு கோப்பு: கெர்னலின் அமைப்புகளைக் கோப்புகளாகக் காட்டும் சிஸ்எஃப்எஸ்ஸில், கார்டின் கிளாக் வேகத்தையும் வோல்டேஜையும் மாற்றுவதற்கு இருப்பது. ஏஎம்டியின் வேகா 10 சிப் என்றால் நிலை எண், மெகாஹெர்ட்ஸ், மில்லிவோல்ட் மூன்றையும் ஒரே வரியில் எழுத வேண்டும். வேகா 20-இல் அந்த வரியில் வோல்டேஜ் கிடையாது. எந்த வேகத்துக்கு எவ்வளவு வோல்டேஜ் என்ற வளைவின் புள்ளிகளைத் தனித்தனியாகத் தர வேண்டும். அதற்கும் பிந்தைய நவி 21-இல் வளைவும் போய், எத்தனை மில்லிவோல்ட் கூட்டலாம், குறைக்கலாம் என்று ஒரே எண். கோப்பின் பெயர் மட்டும் அப்படியே இருக்கிறது. உள்ளே இருப்பது மனிதக் கண்ணுக்காக அடுக்கிய அட்டவணை. அதை நிரல் தப்பாகப் படித்தால், தப்பான வோல்டேஜ் கார்டுக்குப் போகலாம்.

ஒரு கோப்பில் ஒரு மதிப்பு என்பது சிஸ்எஃப்எஸ் ஆவணமே சொல்லும் வழி. கெர்னலை மாற்றும்போது பயனர் நிரலை உடைக்கக் கூடாது என்று, லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2012 டிசம்பரில் எவ்வளவு கோபமாக எழுதினார்! அந்த விதி கிராபிக்ஸ் கார்டு வைத்திருப்பவர்களுக்கு மட்டும் பொருந்தாதா? கிளாக், வோல்டேஜ் என்றாலே விளையாட்டுக்காக ஓவர்கிளாக் செய்கிறவர்களின் சமாச்சாரம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். கோடைக்காலத்தில் மூடிய அறைக்குள் கணினி ஓட்டுகிறவனுக்கு 50 வாட் குறைவது பெரிய விஷயம்.

முடியாததைக் கேட்கவில்லை. 2021-இல் 5.12 கெர்னலில் மடிக்கணினிகளுக்கு வந்த, வேகம் வேண்டுமா அமைதி வேண்டுமா என்று தேர்ந்தெடுக்கும் பிளாட்ஃபார்ம் புரொஃபைலைப் பாருங்கள். ஒரு கோப்பில் இப்போதைய தேர்வு, பக்கத்துக் கோப்பில் என்னென்ன தேர்வுகள் உண்டு என்ற பட்டியல். அதை ஆதரிக்கும் மடிக்கணினி எந்தத் தயாரிப்பாளருடையது ஆனாலும் நிரல் அதையே படிக்கலாம். அந்த ஒழுங்கைத்தான் இங்கேயும் கேட்கிறோம்.

ஒரு மதிப்புக்கு ஒரு கோப்பு, மாறாத அலகு, கீழ்வரம்பும் மேல்வரம்பும் படிக்கக் கிடைக்க வேண்டும். அது, பயனர் நிரல்களுக்குக் கெர்னல் தரும் இடைமுகங்களை விவரிக்கும் ஏபிஐ (ABI) ஆவணத்தில், நிலையானவற்றின் பிரிவில் இடம்பெற வேண்டும். மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால் பழைய கோப்பைச் சில வெளியீடுகளுக்காவது விட்டுவைத்து, முன்கூட்டியே சொல்லுங்கள்.

உங்களில் பலர் எவ்வளவு வேலைப்பளுவுக்கு நடுவே இதைச் செய்கிறீர்கள் என்று அறிவேன். அடுத்த தலைமுறைக் கார்டுக்கு இன்னொரு புது வடிவம் வருவதற்குள் இந்த வடிவத்தை முடிவு செய்துவிடுங்கள் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். வரைவு எதுவாக இருந்தாலும், என்னிடம் உள்ள பழைய கார்டுகளில் ஓட்டிப் பார்த்து முடிவுகளை அனுப்பத் தயாராக இருக்கிறேன்.

அன்புடன்,
ஒரு கருவிப் பராமரிப்பாளர்