அத்தை, இந்த லீவுக்கு அவனுக்கு ஊட்டிவிடாதீர்கள்

அன்புள்ள அத்தைக்கு,

காலாண்டு லீவுக்கு உங்கள் பேரன் தம்பியைக் கூட்டிக்கொண்டு பொதிகை எக்ஸ்பிரஸில் வருகிறோம். பத்து நாள் உங்களோடுதான் இருப்பான். அதற்கு முன்னால் சொல்ல வேண்டியதைப் போனில் சொல்லிப் பார்த்தேன். பாதியிலேயே உங்களுக்கும் அழுகை வந்துவிடுகிறது, எனக்கும் வந்துவிடுகிறது. அதனால்தான் எழுதுகிறேன். இன்று ராத்திரி உங்கள் மகன் படித்துக் காட்டுவார். இதே பேச்சு நிறைய வீடுகளில் நடக்கிறது. நீங்கள் சரி என்றால் மற்றவர்களும் படிக்கட்டும் என்று இங்கே போடுவேன்.

வைகாசியில் நடந்த கல்யாணப் பந்தி உங்களுக்கு நினைவிருக்கும். இலையில் சாம்பார் விழுந்ததும் தம்பி இடது கையால் பிசைய ஆரம்பித்தான். எதிர் வரிசையில் இருந்த ஒருவர், "ஏலே, பீச்சாங்கையாலயா சாப்பிடுத? சோத்துக்கையை எடு" என்று சத்தமாகச் சொன்னார். பந்தியே திரும்பிப் பார்த்தது. நீங்கள் உங்கள் இலையை விட்டு எழுந்து வந்து, அவன் பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டிவிட்டீர்கள். அந்தப் பார்வைகளிலிருந்து அவனைக் காப்பாற்றத்தான் அப்படிச் செய்தீர்கள், எனக்குத் தெரியும். ஆனால் அவன் இடது கையைத் தொடைக்கு அடியில் ஒளித்துக்கொண்டதை நீங்கள் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். பள்ளி திறந்து இரண்டு வாரம் டிபன் பாக்ஸ் அப்படியே திரும்பி வந்தது.

அவனுக்கு இடது கைதான் அத்தை, சோத்துக்கை. பிறக்கும் சமயத்தில் மூளையின் இடது பக்கத்துக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்து, அந்த இடம் பாதிக்கப்பட்டுவிட்டது. உடம்பின் வலது பக்கத்தை ஆட்டிவைப்பது அதுதான். கையிலும் காலிலும் கோளாறு இல்லை, அங்கே போய்ச் சேரும் உத்தரவில்தான் கோளாறு. நேர்த்திக்கடன் தள்ளிப்போனதோ, மாசமாக இருந்தபோது நான் வேலைக்குப் போனதோ இதற்குக் காரணமில்லை. ஆறாம் மாதத்தில் கிலுகிலுப்பையை இடது கையால் மட்டுமே பிடித்தபோது, தாத்தா மாதிரி இடக்கைக்காரன் என்று நாம் எல்லோரும் சந்தோஷப்பட்டோம். ஒரு வயசுக்கு முன்னால் குழந்தை எப்போதும் ஒரே கையை நீட்டினால் டாக்டரிடம் காட்ட வேண்டும் என்பது நம்மில் யாருக்கும் தெரியாது. இதைப் படிக்கும் மற்ற தாய்மார்களாவது தெரிந்துகொள்ளட்டும்.

இன்னொன்றும் உங்கள் மனசில் கிடக்கிறது. அவனுடைய மூன்று வயசில், நல்ல கையில் துணி உறை மாட்டி, தினமும் 2 மணி நேரம் வலது கையாலேயே விளையாட வைத்தோம். "இருக்கிற ஒரு கையையும் கட்டிப்போட்டுட்டாளே" என்று நீங்கள் பூஜையறையில் போய் அழுதீர்கள். ஒரு கை திரும்பத் திரும்பத் தோற்றால், மூளை அதைக் கூப்பிடுவதையே விட்டுவிடும். எட்வர்ட் டாப் என்ற அமெரிக்க விஞ்ஞானி இதைக் குரங்குகளிடம் கண்டறிந்து, பிறகு பக்கவாதம் வந்தவர்களுக்குச் சிகிச்சையாக மாற்றினார். அதையேதான் குழந்தைகளுக்கு விளையாட்டாகச் செய்கிறார்கள். உறை போட்டிருந்த அந்த நாட்களில்தான் அவன் வலது கை முதல் தடவையாக ஒரு பந்தைத் தானாகக் கீழே விட்டது. அந்தக் கைக்குப் பிடிப்பதைவிட விடுவதுதான் கஷ்டம்.

அது இடது கை மாதிரி ஆகிவிடாது. துணைக்கையாக இருக்கும், அவ்வளவுதான். அந்தத் துணை எவ்வளவு பெரிசு என்று தெரிய, அவன் சட்டை போடும்போது ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். சட்டையைக் கட்டிலில் விரித்து, வலது கையை முதலில் நுழைப்பான். இடது கை துணியைத் தோள்வரை இழுத்துக்கொண்டு வரும். (கழற்றும்போது நல்ல கை முதலில், வலது கை கடைசியில்.) அப்புறம் பட்டன். மடங்கிய வலது கையால் சட்டை ஓரத்தை வயிற்றோடு அழுத்திக்கொள்வான். இடது கட்டைவிரல் பட்டனை ஓட்டைக்குள் தள்ளும். மூன்றாவது பட்டனில் நாக்கு வெளியே வந்துவிடும். மொத்தம் 11 நிமிஷம். நீங்கள் போட்டுவிட்டால் ஒரு நிமிஷம்தான். ஆனால் மே மாதம் ஊரிலிருந்து திரும்பியபோது அவனுக்குப் பட்டன் போடவே மறந்திருந்தது. கையை அகட்டி நீட்டிக்கொண்டு நின்றான், யாராவது போட்டுவிடட்டும் என்று. ஏழு வயசுப் பிள்ளை. மறுபடி பழக மூன்று வாரம் ஆனது.

சாப்பாட்டுக்கு விளிம்பு உயர்ந்த தட்டு கொடுங்கள். அடியில் ஈரத்துணியை மடித்துப் போட்டால் நகராது. வலது கை தட்டின் ஓரத்தில் இருக்கட்டும். மடிக்குப் போய்விட்டால் "அந்தக் கை எங்கே?" என்று கேட்டால் போதும், நீங்கள் எடுத்து வைக்க வேண்டாம். கால் கழுவுவதும் சாப்பிடுவதும் ஒரே கையா என்று நீங்கள் கவலைப்பட்டது நியாயம்தான். சோப்பை வலைப்பையில் போட்டுக் குழாயில் கட்டிவிடுங்கள். நுரையை வலது கைமேலேயே தேய்த்து, நன்றாகக் கழுவிக்கொண்டு வருவான். காலைத் தாங்கிப் பிடிக்க மாட்டும் ஸ்பிளிண்டைக் கழற்றியதும் தோல் சிவந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அரை மணி நேரத்தில் மறையாவிட்டால் எனக்குச் சொல்லுங்கள்.

ஊனம் என்று அட்டை வாங்க வேண்டுமா என்று கேட்டீர்களே, வாங்கிவிட்டோம். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி 40 சதவீதமும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்குச் சலுகைகள் உண்டு. நாளைக்குப் பெரிய பரீட்சை வரும்போது மணிக்கு 20 நிமிஷம் கூடுதலாகக் கேட்கலாம். அது அவனுக்குச் சேர வேண்டிய நேரம்.

சரி, ஊட்டவும் கூடாது, உடுத்திவிடவும் கூடாது என்றால் ஆச்சிக்கு என்னதான் வேலை என்று கேட்பீர்கள். இரண்டு கையும் சேர்ந்து செய்யும் வேலைதான் இப்போது அவனுக்கு வேண்டும். சென்னையில் அதற்காகப் பாசிமணியும் கயிறும் வாங்கி வைத்திருக்கிறோம், ரெண்டே நாளில் சலித்துவிட்டது. உங்கள் வீட்டில் முருங்கைமரம் இருக்கிறது. காம்பை வலது கையில் செருகிவிட்டு, இடது கையால் இலையை உருவச் சொல்லுங்கள். பாதிக் கீரை தரையில்தான் விழும். பொறுக்கவும் அவனையே சொல்லுங்கள். சாயங்காலம் பல்லாங்குழி. அவனை வலது கையால் சோழி போட வையுங்கள், நீங்கள் எதிரே உட்கார்ந்து அவசரப்படாமல் ஆடுங்கள். சோழி ஒவ்வொன்றாக அந்தக் கையிலிருந்து விழ நேரமாகும். அவ்வளவு பொறுமை எனக்கு இல்லை, உங்களுக்கு இருக்கிறது.

தென்காசி ஸ்டேஷனில் பையை அவன் முதுகிலேயே மாட்டியிருப்பான், வாங்காதீர்கள். இடது கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு தானே இறங்குவான், அவன் அப்பா பின்னாலேயே இருப்பார். நீங்கள் ரெண்டடி தள்ளி நில்லுங்கள். இறங்கியதும் உங்களிடம்தான் ஓடி வருவான். அப்போது எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் மருமகள்