டைம் மேனேஜ்மென்ட் எங்களுக்கு தெரியும் சார், நாலு மணிக்கு மேல புள்ளைங்கள எங்க விடுறதுன்னு சொல்லுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம் சார்,

போன ஞாயித்துக்கிழமை உங்க பேப்பரோட வந்த இணைப்புல வேலைக்கு போற அம்மாக்களுக்கு டிப்ஸ்னு ஒரு முழு பக்கம் போட்டிருந்தீங்க, திங்கக்கிழமை டீ டைம்ல நாங்க அஞ்சாறு பேர் சேந்து படிச்சோம், ஒரே சிரிப்பு போங்க. நைட்டே காய் நறுக்கி ஃபிரிட்ஜ்ல வச்சிரணுமாம், வீக்எண்ட்ல வாரம் முழுக்க என்ன சமைக்கிறதுன்னு சார்ட் போட்டு ஒட்டணுமாம், தினமும் அரை மணி நேரம் நமக்குன்னு மீ டைம் ஒதுக்கணுமாம். எழுதினவங்க மேல கோவமெல்லாம் இல்ல, அவங்க வீட்டுக்கு அது சரிப்பட்டு வரலாம். நாங்க திருப்பூர்ல பனியன் கம்பெனிக்கு போறவங்க, இங்க மூணு புள்ளைய வச்சிட்டு வேலைக்கு போறவளுக்கு நேரத்த எப்படி பிரிக்கிறதுன்னு யாரும் சொல்லித்தர வேண்டாம். பிரச்சன வேற எடத்துல இருக்கு, அத எழுதலாம்னு தான் உக்காந்தேன்.

எங்களுக்கு சொந்த ஊர் தேனி பக்கம். வீட்டுக்காரர் ஓவர்லாக் டெய்லர், நான் செக்கிங், தச்சு வர்ற பீஸ்ல ஓட்ட ஒடசல் இருக்கான்னு பாக்குற வேலை. பெரியவ நாலாவது படிக்கிறா, அடுத்தவன் ஒண்ணாவது, கடைக்குட்டிக்கு மூணு வயசு, அங்கன்வாடி போறான். ஒரே வரிசைல ஒட்டி ஒட்டி கட்டின லைன் வீடு, எட்டு வீட்டுக்கு சேத்து ஒரே குழாய், நல்லதண்ணி விடுற அன்னிக்கு தூக்கமே கெடையாது, அது தனி கதை.

காலைல கூட எப்படியோ ஓடிருது சார். ஸ்கூல்ல காலை சாப்பாடு போட ஆரம்பிச்சதுல பாதி பாரம் எறங்கிருச்சு, உண்மைய சொல்லணும்ல. 2022 செப்டம்பர்ல மதுரைல ஆரம்பிச்சு 2023 ஆகஸ்ட்ல எல்லா அரசு ஆரம்பப் பள்ளிக்கும் கொண்டு வந்தாங்களே அது. எந்த கட்சி போட்டா என்ன, ஒண்ணாவதுல இருந்து அஞ்சாவது வரைக்கும் உப்புமாவோ கிச்சடியோ பொங்கலோ வயித்துக்கு சூடா போகுது, முன்னாடியெல்லாம் கம்பெனி வேன் ஹாரன் அடிச்சிட்டே நிக்கும், நான் ஒரு கைல சீப்பு ஒரு கைல தோசை கரண்டியோட நிப்பேன், இப்ப பெருசுங்க ரெண்டையும் நேரா ஸ்கூல் கேட்டுக்குள்ள விட்டுட்டு வேன் ஏறிடறேன். சின்னவனுக்கு மட்டும் ஊட்டி விட்டு பக்கத்து வீட்டு அக்கா கிட்ட குடுத்தா அங்கன்வாடி தெறந்ததும் அவங்க கொண்டு போய் விட்டுருவாங்க. மதியம் அங்கயே சோறு, முட்ட. ஆயாவும் நல்லவங்க. கொற சொல்ல ஒண்ணும் இல்ல.

சாயங்காலம் தான் சார் கழுத்த புடிக்குது. அங்கன்வாடி மூணரை நாலுக்கெல்லாம் மூடிருவாங்க, ஸ்கூலும் நாலு மணிக்கு மேல விட்டுருவாங்க, நாங்க வீட்டுக்கு வர ராத்திரி ஒம்போது ஆகும். வெளியூர்க்காரங்களுக்கு புரியாது, இங்க எட்டு மணி நேரம் ஒரு ஷிப்டு, ஆனா ஒரு ஷிப்டு மட்டும் பாத்துட்டு கெளம்புறேன்னு சொன்னா சூப்பர்வைசர் மொகம் மாறிரும். காலைல எட்டரைக்கு உள்ள போனா ராத்திரி எட்டரைக்கு வெளிய வரணும், ஒன்றரை ஷிப்டு. கப்பல் ஏத்துற தேதி நெருங்கிருச்சுன்னா அதுக்கும் மேல. சரி ஒரு ஷிப்டே போதும்னு இருக்கலாம்னா அந்த அரை ஷிப்டு காசுல தான் வீட்டு வாடகையே நிக்குது.

அப்ப நாலு மணில இருந்து ஒம்போது மணி வரைக்கும் எங்க வீட்டுக்கு அம்மா யாரு தெரியுமா சார், நாலாவது படிக்கிற என் பெரிய பொண்ணு. ஸ்கூல் விட்டதும் தம்பிய கூட்டிட்டு வந்து, பக்கத்து வீட்டுல இருக்க சின்னவன வாங்கிட்டு வந்து, கதவ தாப்பா போட்டுட்டு உக்காந்திருப்பா, நான் காலைல வடிச்சு வச்ச சோத்துல ரசம் ஊத்தி பெசஞ்சு ரெண்டு பேருக்கும் குடுப்பா, சின்னவன் ஆய் போனா கழுவி விடுவா. கேஸ் பக்கம் போகக்கூடாதுன்னு சொல்லி சிலிண்டர திருகி மூடிட்டு தான் போறேன், இருந்தாலும் டேபிள்ல பீஸ் புரட்டிட்டு இருக்கும்போது திடீர்னு ஞாபகம் வரும் பாருங்க, மூடினேனா இல்லயான்னு, அப்ப ஓட்ட இருக்க பீஸ் கூட கண்ணுக்கு தெரியாது. போன் உள்ள கொண்டு போக விடமாட்டாங்க. ஹோம்வொர்க் எப்ப செய்வா அவ? டீச்சர் கூப்பிட்டு பொண்ணு கிளாஸ்ல தூங்குறான்னு சொன்னாங்க, என்னத்த சொல்றது. எங்க லைன்லயே இப்படி இன்னும் நாலஞ்சு பொண்ணுங்க இருக்கு, பையன் பெரியவனா இருக்க வீட்டுல அவன் வெளாட போயிருவான், ரெண்டாவது பொறந்த பொண்ணு தான் தொட்டில் ஆட்டும்.

ஊர்ல இருந்து மாமியார கூட்டிட்டு வரலாம்லன்னு ஈஸியா கேப்பாங்க. அவங்களுக்கு அங்க ஆடு இருக்கு மாடு இருக்கு, இந்த ஒத்த ரூம்ல அவங்கள எங்க படுக்க வைக்கிறது? திருப்பூர்ல பாதிப்பேரு வெளியூர்ல இருந்து பொழைக்க வந்தவங்க, ஆயா தாத்தா பக்கத்துல இல்லாதவங்க. இப்ப பீகார் ஒடிசாவுல இருந்து வந்திருக்க பொண்ணுங்க நெலம எங்களவிட மோசம், அதுங்களுக்கு பக்கத்து வீட்டுக்காரங்க கிட்ட கெஞ்சக்கூட பாஷை தெரியாது.

சட்டம் இல்லாம இல்ல சார். 1948 ஃபேக்டரி சட்டத்துலயே பொம்பளைங்க அதிகமா வேலை செய்ற எடத்துல புள்ளைங்களுக்கு ரூம் வேணும்னு இருந்துச்சு. 2017ல மகப்பேறு சட்டத்த திருத்துனப்ப 50 பேரு, அதுக்கு மேல வேலை செய்ற எடத்துல காப்பகம் கட்டாயம், அம்மா ஒரு நாளைக்கு 4 தடவ போய் புள்ளைய பாத்துட்டு வரலாம்னு போட்டாங்க. ஏன், 100 நாள் வேலைக்குன்னு 2005ல வந்த சட்டத்துல கூட வேலை நடக்குற எடத்துக்கு ஆறு வயசுக்கு கீழ அஞ்சு புள்ளைங்க வந்துட்டா பாத்துக்க ஒரு பொம்பளைய போடணும்னு இருந்துச்சு. நான் முன்னாடி இருந்த கம்பெனில காப்பகம் இருந்துச்சு, பேர் வேண்டாம், சுவத்துல மிக்கி மவுஸ் எல்லாம் வரஞ்சு தொட்டில் கட்டி அழகா இருக்கும், வெளிநாட்டு பையர்கிட்ட இருந்து ஆடிட் வர்ற அன்னிக்கு மட்டும் தெறப்பாங்க, ஆபீஸ் ஸ்டாஃப் புள்ளைங்க ரெண்ட கொண்டாந்து உள்ள உக்கார வச்சு பிஸ்கட் குடுப்பாங்க. ஆடிட்டர் கார் கேட்ட தாண்டினதும் பூட்டு. அப்படியே தெறந்து வச்சாலும் பீஸ் ரேட்ல, அதாவது முடிச்ச பீஸுக்கு மட்டும் கூலின்னு வேலை செய்றவ நாலு தடவ எந்திரிச்சு போய் பாத்துட்டு வந்தா அவ கூலிய யார் குடுப்பா, அத எழுதின சட்டம் இன்னும் வரல. அப்புறம் சின்ன யூனிட், வீட்டுக்கு கீழ நாலஞ்சு மெஷின் போட்டு தச்சு குடுக்குற பவர் டேபிள், காண்ட்ராக்ட்காரர் கிட்ட வேலை பாக்குறவங்க இருக்காங்களே, 50 பேர் கணக்குக்குள்ளயே வராதவங்க தான் இங்க ஏராளம்.

இத பேசினா ஒடனே ஒரு கேள்வி வரும், மூணு பெத்துக்க சொன்னது யாருன்னு. சம்பளத்துல புடிக்கிற இஎஸ்ஐ காப்பீட்டுல மொத ரெண்டுக்கும் 26 வாரம் லீவ் காசு, மூணாவதுக்கு 12 வாரம் தான். சரி, அரசாங்க கணக்கு. ஆனா புள்ள பொறந்தாச்சு, அதுக்கு எத்தனாவது நம்பர்னு தெரியுமா? மூணு மாச கொழந்தைய விட்டுட்டு வேலைக்கு போனவ பால் கட்டிக்கிட்டு டாய்லெட்ல நின்னு பீச்சி விடுறது எங்க செக்ஷன்ல எல்லாரும் பாத்தது தான்.

வீட்டுக்காரர் உதவி செய்யலாம்லன்னு உங்க டிப்ஸ்ல ஒரு வரி இருந்துச்சு. செய்வாரு, தண்ணி புடிச்சு ஊத்துவாரு, ஞாயித்துக்கிழமை கறி எடுத்துட்டு வருவாரு, அவ்ளோ தான். 2024ல மத்திய அரசு எடுத்த சர்வே ஒண்ணு உண்டு, சம்பளமில்லாத வீட்டு வேலை செய்றவங்கள மட்டும் எடுத்தா பொம்பளைங்க ஒரு நாளைக்கு 289 நிமிஷம், ஆம்பளைங்க 88 நிமிஷம்னு. 88ஆன்னு எங்க டேபிள்ல எல்லாரும் வாய பொளந்தாங்க, அந்த ஆம்பளைங்க எந்த தெருவுல இருக்காங்கன்னு கேட்டாங்க. புள்ளைக்கு காய்ச்சல்னா யாரு லீவ் போடறதுங்கறதுல கூட எங்க வீட்டுல சண்டை வராது, அவர் ஷிப்டு கூலி என்னுதவிட ஜாஸ்தி, அதனால நான் தான். ஒருத்தனுக்கு வந்தா மூணுக்கும் வரிசையா வரும், அந்த வாரம் சனிக்கிழமை சம்பள கவர தடவி பாத்தாலே தெரியும்.

நான் கேக்கறது பெரிசா ஒண்ணும் இல்ல சார். அங்கன்வாடி கட்டடம் சாயங்காலம் சும்மா பூட்டி தான கெடக்குது. மத்திய அரசுல பால்னான்னு அங்கன்வாடியோட காப்பகமும் சேத்து நடத்துற திட்டமே இருக்கு, ஆனா பகல் நேரத்துக்கு மட்டும் தெறந்தா பனியன் ஊருக்கு பிரயோஜனம் இல்ல. நாலு மணில இருந்து ஒம்போது மணி வரைக்கும் தெறக்கணும், சின்னதுங்க மட்டும் இல்லாம அஞ்சாவது வரைக்கும் உள்ள புள்ளைங்களும் உக்காரணும், ஒரு சுண்டலோ கடலையோ குடுத்து ஹோம்வொர்க் பண்ண வைக்க ரெண்டு பொம்பளைங்க போதும். இப்ப அங்க இருக்க டீச்சர் ஆயா தலைலயே கட்டாதீங்க, அவங்களும் புள்ள பெத்தவங்க தான், வேற ஆள் போட்டு ஒழுங்கா சம்பளம் குடுங்க. பக்கத்து வீட்டுக்கு நான் மாசம் 1500 குடுக்கறேன், அதுல பாதிய அங்க கட்ட சொன்னா கூட கட்டுவோம். மிச்சத்த கம்பெனிக்காரங்க சங்கமும் மாநகராட்சியும் பேசி முடிவு பண்ணட்டும், வருஷத்துக்கு எத்தன ஆயிரம் கோடி ஏற்றுமதின்னு மேடைல சொல்றவங்களுக்கு இது ஒரு காசா?

அடுத்த தடவ டிப்ஸ் பக்கம் போடறதுக்கு முன்னாடி உங்க நிருபர் ஒருத்தர சாயங்காலம் ஆறு மணி வாக்குல எங்க லைன் பக்கம் அனுப்புங்க. நாங்க யாரும் இருக்க மாட்டோம், புள்ளைங்க கிட்ட பேசிக்கலாம். என் பேர போட வேண்டாம், கம்பெனில தெரிஞ்சா வேலை போயிரும்.

இப்படிக்கு
ஒரு வாசகி, திருப்பூர்