பயிற்சிக் காலமும் பைக் சாவியும்: பெற்றோருக்குச் சமுதாயக் கல்லூரி முதல்வர் கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

முதல் பருவம் நல்லபடியாக முடிந்தது. வாழ்க்கைத் திறன் பாடத்தில் எல்லாப் பிரிவுகளிலும் முன்னேற்றம் தெரிகிறது. மருத்துவ உதவியாளர் பிரிவுப் பிள்ளைகள் ரத்ததான முகாமில் உதவி செய்து பாராட்டு வாங்கினார்கள். கேட்டரிங் பிரிவின் தீபாவளிப் பலகாரம் போட்ட வேகத்தில் விற்றுத் தீர்ந்தது. ஏ.சி. மெக்கானிக் பிரிவும் தையல் பிரிவும் செய்முறைத் தேர்வை நன்றாகச் செய்திருக்கின்றன. விளையாட்டு விழாவும் சிறப்பாக நடந்தது. எல்லோருக்கும் வாழ்த்துகள், ஆசிரியர்களுக்கு நன்றி.

அடையாள அட்டை, சீருடை, வகுப்பில் போன் கூடாது, விடுப்புக்கு முன்கூட்டியே கடிதம் என்ற வழக்கமான விதிகள் சேர்க்கையின்போது நீங்கள் கையெழுத்திட்ட தாளில் இருக்கின்றன. பயிற்சிக்குப் போகும் இடத்திலும் அவை அப்படியே பொருந்தும். மருத்துவமனைப் பயிற்சியில் இருப்பவர்கள் வார்டுக்குள் போனை எடுக்கவே கூடாது, நோயாளியைப் படம் எடுக்கவும் கூடாது.

சரி, இந்தக் கடிதத்தை எழுத வைத்த விஷயத்துக்கு வருகிறேன். நம் பிள்ளைகளில் பலர் பதினெட்டு வயது ஆகும் முன்பே பைக்கிலும் ஸ்கூட்டியிலும் வருகிறார்கள்.

லைசென்ஸ் நகல் கொடுக்காதவர்களின் வண்டியைக் கல்லூரிக்குள் விடுவதில்லை. அதனால் அடுத்த தெரு டீக்கடைக்குப் பின்னால் நிறுத்திவிட்டு, ஒன்றும் தெரியாதவர்கள் மாதிரி நடந்து வருகிறார்கள். டீக்கடைக்காரர் வண்டிக்குப் பத்து ரூபாய் வாங்குகிறார் என்று கேள்வி. அவரைக் குறை சொல்ல மாட்டேன், அவருக்கு அது பிழைப்பு. வகுப்பு நடந்தவரை இது எங்கள் கண்ணில் படுகிற அளவிலாவது இருந்தது. இப்போது ஒவ்வொருவரும் ஒவ்வொரு திசையில் பயிற்சிக்குப் போகிறார்கள். சென்ற மாதம் பயிற்சிக்குப் போன வழியில் நம் மாணவர் ஒருவர் அப்பாவின் பைக்கோடு விழுந்து கணுக்கால் எலும்பு முறிந்திருக்கிறது. தலைக்கவசமும் இல்லை. தலையில் அடிபடாதது அவருடைய அதிர்ஷ்டம்.

வீட்டு நிலைமை எனக்குப் புரியாமல் இல்லை. உங்களில் பலர் ஏலக்காய்த் தோட்ட வேலைக்கு விடியும் முன்பே ஜீப் ஏறிப் போடிமெட்டு வழியாகவோ குமுளி வழியாகவோ மலைக்குப் போகிறீர்கள். திரும்பி வர இருட்டிவிடுகிறது. பைக் வீட்டில், சாவி ஆணியில், பையனோ பொண்ணோ தனியாக. ஏழு மணிக்கு மருத்துவமனையில் இருக்க வேண்டும், ஊருக்கு வருகிற முதல் பஸ்ஸோ ஏழேகாலுக்கு. இந்த நிலையில் யாராக இருந்தாலும் சாவியைத்தான் எடுப்பார்கள். பிள்ளை நேரத்துக்குப் போக வேண்டும் என்ற அக்கறையில்தான் நீங்களும் கண்டுகொள்ளாமல் இருக்கிறீர்கள் என்பதும் தெரியும்.

ஆனாலும் சிலவற்றைச் சொல்லியே ஆக வேண்டும். “எக்ஸ்எல்தானே சார், சின்ன வண்டி, அதுக்கு லைசென்ஸ் வேண்டாம்” என்று சில அப்பாக்கள் என்னிடம் சொன்னார்கள். இது தப்பு. கியர் இல்லாத, 50 சி.சி.க்கு மேல் போகாத வண்டியை மட்டும் 16 வயதில் ஓட்டலாம் என்று சட்டம் சொல்கிறது. அதற்கும் பெற்றோர் சம்மதத்தோடு லைசென்ஸ் எடுத்திருக்க வேண்டும். அந்தக் காலத்து டிவிஎஸ் ஐம்பது அந்தக் கணக்கில் வந்தது. இப்போது ஓடுகிற எக்ஸ்எல் 100 கிட்டத்தட்ட நூறு சி.சி., ஸ்கூட்டர்கள் பெரும்பாலும் அதற்கும் மேல். உங்கள் வீட்டு வாசலில் நிற்கிற பெட்ரோல் வண்டிகளில் பதினாறு வயதுப் பிள்ளை சட்டப்படி ஓட்டக்கூடியது அநேகமாக எதுவும் இருக்காது. மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேல் போகாத, 250 வாட்டுக்கு உட்பட்ட பேட்டரி வண்டிக்கு மட்டும்தான் லைசென்ஸ் தேவையில்லை.

பிடிபட்டால் பையனுக்குத்தானே அபராதம் என்றும் நினைக்க வேண்டாம். 2019 செப்டம்பர் முதல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 199ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. சிறுவர் வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால், வண்டியின் உரிமையாளரோ பெற்றோரோதான் குற்றவாளி. மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து. “எனக்குத் தெரியாமல் எடுத்துட்டுப் போயிட்டான்” என்று சொல்லலாம்தான், ஆனால் அதை நிரூபிக்க வேண்டியது நீங்கள். சாவி ஆணியில் தொங்கிய வீட்டில் அதை எப்படி நிரூபிப்பது?

விபத்தில் எதிரில் வந்தவருக்கு அடிபட்டால் இன்சூரன்ஸ் பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கையும் பாதிதான் சரி. ஓட்டியவருக்கு லைசென்ஸ் இல்லையென்றால், கம்பெனி கொடுத்த பணத்தை வண்டிக்காரரிடமே திரும்ப வசூலிக்க வழி இருக்கிறது. தோட்டக் கூலியில் அதைக் கட்டி முடிக்க எத்தனை வருஷம் ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

என்னை அதிகம் உறுத்துவது இன்னொன்று. அதே பிரிவின்படி, பிடிபட்ட சிறுவருக்கு 25 வயது ஆகும்வரை லைசென்ஸ் கிடைக்காது. ஏ.சி. மெக்கானிக் வேலை என்பதே கருவிப் பையை மாட்டிக்கொண்டு வண்டியில் வீடு வீடாகப் போவதுதான். லைசென்ஸ் இல்லாத மெக்கானிக்கை எந்தக் கடைக்காரர் வேலைக்கு எடுப்பார்? பத்தாவதோடு நின்ற பிள்ளையும் ஒரு தொழிலோடு வெளியே போக வேண்டும் என்பதற்காகத்தான் 1990களில் புதுச்சேரியிலும் சென்னையிலும் தொடங்கிய சமுதாயக் கல்லூரி இப்போது நம் மாவட்டம் வரை வந்திருக்கிறது. இங்கே கற்றுக்கொண்ட தொழிலை, பதினேழு வயதில் ஓட்டிய ஒரு பைக்குக்காகப் பறிகொடுப்பதா?

காலமும் சரியில்லை. கார்த்திகை பிறந்தாயிற்று. திண்டுக்கல்லில் இருந்து குமுளி போகிற சாலையில் மகரவிளக்கு முடியும்வரை இரவு பகலாக ஐயப்ப பக்தர்களின் வேன்களும் பஸ்களும் ஓடும். வெளி மாநிலத்திலிருந்து தூக்கமில்லாமல் வருகிற டிரைவருக்கு நம் ஊர்த் திருப்பமும் வேகத்தடையும் தெரியாது. காய்கறி லாரி எப்போதும் போல இருக்கும். விடியற்காலைப் பனியும் சேர்ந்துகொள்ளும். அந்தச் சாலையில் ஒரு வண்டியில் மூன்று பேர் போவதை நானே பார்த்திருக்கிறேன். மூன்று பேரும் நம் சீருடையில்.

ஆகவே கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். வருகிற திங்கட்கிழமை முதல், பதினெட்டு வயது நிரம்பாத மாணவரோ மாணவியோ கல்லூரிக்கோ பயிற்சி இடத்துக்கோ வண்டி ஓட்டி வந்தால் அன்றைக்கு வருகைப்பதிவு கிடையாது. டீக்கடைக்குப் பின்னால் நிறுத்தினாலும் இதே கதைதான். சாவி அலுவலகத்தில் இருக்கும். வண்டியின் ஆர்.சி. யார் பேரில் இருக்கிறதோ அவர் நேரில் வந்து வாங்கிக்கொள்ள வேண்டும். அண்ணன், மாமா, பக்கத்து வீட்டுக்காரர் வந்தால் கொடுக்க மாட்டோம். இரண்டாவது முறை நடந்தால் அந்தப் பயிற்சி இடம் ரத்தாகும். பயிற்சி முடிக்காமல் சான்றிதழ் இல்லை என்பது உங்களுக்குத் தெரிந்ததே. சிபாரிசோடு வர வேண்டாம், தயவுசெய்து.

பதினெட்டு முடிந்தவர்கள் லைசென்ஸ் நகலை அலுவலகத்தில் கொடுத்துவிட்டுத் தாராளமாக வண்டியில் வரலாம். ஓட்டுபவர், பின்னால் உட்காருபவர் இருவருக்கும் தலைக்கவசம் வேண்டும். அப்புறம், எல்.எல்.ஆர். (பழகுநர் உரிமம்) வைத்திருப்பவர்கள் சொல்லிக்கொடுப்பவரைத் தவிர வேறு யாரையும் பின்னால் ஏற்றக் கூடாது. கூட்டாளியை ஏற்றிக்கொண்டு போக எல்.எல்.ஆர். போதாது.

வண்டி வேண்டாம் என்று சொல்லிவிட்டு நாங்கள் கையைக் கட்டிக்கொண்டு இருக்கப் போவதில்லை. மருத்துவமனைகளிலும் ஓட்டல்களிலும் பேசி, பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்குப் பயிற்சி நேரத்தை எட்டரை மணிக்கு மாற்றியிருக்கிறோம். மாலையில் ஐந்தரைக்கு மேல் யாரையும் நிறுத்தி வைக்கக் கூடாது என்றும் கேட்டுக்கொண்டிருக்கிறோம். பெரும்பாலானோர் உடனே ஒப்புக்கொண்டார்கள். பஸ் வசதியே இல்லாத ஊர்ப் பிள்ளைகளுக்குப் பக்கத்திலேயே வேறு இடம் தேடிக்கொண்டிருக்கிறோம். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021 முதல் கட்டணம் இல்லை என்பதால் மாணவிகளுக்குச் செலவு பிரச்சினை இருக்காது. பையன்களில் யாருக்காவது பஸ் காசு சுமையாக இருந்தால் வகுப்பு ஆசிரியரிடம் சொல்லுங்கள். கூச்சப்பட வேண்டாம், விஷயம் வெளியே போகாது.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். விடியற்காலையில் கிளம்பும்போது சாவியை எடுத்துக்கொண்டு போங்கள். முதல் சில நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள், அதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே பிடிவாதமாக “பஸ்ஸில் போ” என்று சொல்லி அனுப்புகிற பெற்றோர் பலர் இருக்கிறீர்கள். மகளைப் பயிற்சி இடத்தில் விட்டுவிட்டு வேலைக்குப் போக வேண்டும் என்று தோட்டத்தில் நேரம் மாற்றிக் கேட்ட ஓர் அம்மாவும் இருக்கிறார். உங்கள் எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. காலில் கட்டோடு இருக்கிற மாணவரின் பெற்றோர், “எங்கள் பேரைச் சொல்லாமல் இதை எல்லோருக்கும் எழுதுங்கள் சார்” என்று கேட்டுக்கொண்டார்கள். அவர்களுக்குத் தனியாக நன்றி. அவருடைய பயிற்சி நாட்களை ஈடுகட்ட ஏற்பாடு செய்திருக்கிறோம், அதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் பெற்றோர் கூட்டம். தோட்டத்துக்கு விடுமுறை நாள் என்பதால்தான் ஞாயிறு. தந்தையோ தாயோ, யாராவது ஒருவர் கட்டாயம் வர வேண்டும். இந்தக் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் உள்ள ஒப்புதல் சீட்டில் கையெழுத்திட்டு, பிள்ளையிடம் கொடுத்தனுப்பாமல் நீங்களே கொண்டு வாருங்கள். கையெழுத்துப் போடுவதில் நம் பிள்ளைகளின் திறமையும் இந்தப் பருவத்தில் நன்றாகவே முன்னேறியிருக்கிறது.

மற்றவை நேரில்.

இப்படிக்கு,
முதல்வர்