கரை மண்ணைச் சித்திரையில் எடுத்துச் சோதியுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வாய்க்கால் கரை உடைப்பு பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரை எலி வளையையும் மணல் அள்ளுவதையும் காரணமாகச் சொன்னது. உண்மைதான். மன்னார்குடி, திருத்துறைப்பூண்டிப் பக்கத்துக் களிமண்ணோடு பழகியவர்கள் கோடையையும் சேர்த்துச் சொல்வார்கள். வழக்கப்படி மேட்டூர் அணையை ஜனவரி 28-ல் மூடினால், மறுபடி திறப்பது ஜூன் 12. அதற்குள் கரை பாளம் பாளமாக வெடித்து, கையை விட்டால் முழங்கை வரை போகும். திறந்துவிட்ட தண்ணீர் முதலில் புகுவது அந்த வெடிப்பில்தான். தூர்வாரிய களியைக் கெட்டிப்படுத்தாமல் அதே கரைமேல் கொட்டிவிட்டுப் போனால் இன்னும் மோசம்.

நனைந்தால் உப்பிப் பருக்கும் களிதான் காய்ந்தால் சுருங்கி வெடிக்கிறது. அப்படி மண் எவ்வளவு உப்பும் என்று பார்க்க ஆய்வகத்தில் ஓர் எளிய சோதனை உண்டு. சலித்த மண்ணைப் பத்துப் பத்து கிராமாக இரண்டு அளவுக் குடுவைகளில் போட்டு, ஒன்றில் தண்ணீரும் மற்றதில் மண்ணெண்ணெயும் ஊற்றுவார்கள். மண்ணெண்ணெயில் களி உப்பாது. மறுநாள் பார்த்தால் தண்ணீர்க் குடுவையில் மண் ஏறி நிற்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே கணக்கு.

நல்ல சோதனை, ஆனால் கரைக்குப் போதாது. அந்த மண் 105 முதல் 110 டிகிரி சூட்டில் உலர்த்திப் பொடித்தது. நம் வெயில் அவ்வளவு ஏறாது. பொடித்த மண்ணில் வெடிப்பும் இருக்காது. கரையிலிருந்து மண்ணைக் கட்டி குலையாமல் வெட்டியெடுத்து, 40 டிகிரி வாக்கில் காயவைத்து, நனைத்து, மறுபடி காயவைத்துப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் உப்புவதும் சுருங்குவதும் மாறும். நான்கைந்து சுற்றுக்குப் பிறகுதான் பெரும்பாலும் ஒரு நிலைக்கு வரும். முதல் சுற்றின் எண்ணை மட்டும் வைத்துக் கரை கட்டுவது ஆபத்து. ஒவ்வொரு சுற்றிலும் நீர்க்கசிவையும் அளந்தால் இன்னும் நல்லது.

சாலை போடும்போது அடிமண்ணை நான்கு நாள் ஊறவைத்துச் சோதிக்கிறார்கள். ஊரையும் பயிரையும் காக்கும் கரைக்கு அந்த அக்கறைகூட வேண்டாமா?

பாமணியாறு, கோரையாறு கரைகளில் சித்திரை, வைகாசியில் மண் எடுத்து இப்படிச் சோதிக்கும் செலவைத் தூர்வாரும் மதிப்பீட்டிலேயே நீர்வளத் துறை சேர்க்க வேண்டும். அப்புறம், வரும் முடிவை அந்தந்த ஊராட்சி அலுவலகத்தில் எழுதி ஒட்ட வேண்டும்.

இப்படிக்கு,
டெல்டா விவசாயி ஒருவர்,
மன்னார்குடி வட்டம்.